கொட்டாவிப் படத்தில் பஸ்ஸோ சாகும் காட்சி

1

"இந்தப் படத்துல உங்கப்பா எப்படிச் சாகறாரு?"

தெருவடுப்பில் எல்லார் வீட்டு ரொட்டியையும் சுட்டுத் தரும் ரகியா அக்கா, ஒரு நாள் துதாவைக் கேட்ட கேள்வி இது. மாவுத் தட்டோடு நின்ற துதாவுக்குப் பதில் வரவில்லை. யார் எது கேட்டாலும் அவளுக்கு உடனே பதில் வராது. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதற்கும் அதுவே பாதிக் காரணம். பதில் வரும், ஆனால் கேட்டவர் போய் வெகு நேரம் கழித்து, அதுவும் எழுத்தில் வரும். ரகியா அக்காவுக்கான பதில்தான் இந்தக் கதை. கொஞ்சம் நீண்டுவிட்டது.

இதை எழுதுகிறவள் இங்கேயே சொல்லிவிடுகிறாள்: துதா என்பவள் அவளேதான். முதலில் 'நான்' என்று எழுதிப் பார்த்தாள். எல்லோரும் திரும்பி அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. 'நான்'-ஐ அடித்துவிட்டு 'துதா' என்று எழுதியதும் அந்தப் பெண் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து அறை முழுக்கத் தெரிகிறது.

கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. இது வர்ஸாஸாத், அட்லஸ் மலைக்குத் தெற்கே பாலைவன ஓரத்து ஊர். வெளிநாட்டுக்காரர்கள் வந்து எங்கள் மண்ணில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊருக்கு வெளியே அவர்கள் கட்டிவிட்டுப் போன ரோமாபுரியும் எகிப்தும் பூச்சு உதிர்ந்து நிற்கின்றன. இங்கே ஒருத்தியின் அப்பா அம்பு பட்டுச் செத்திருப்பார், இன்னொருத்தியின் சித்தப்பா தேர்ச்சக்கரத்தில் நசுங்கியிருப்பார். மறுநாள் காலையில் இரண்டு பேரும் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

துதாவின் அப்பா பஸ்ஸோவுக்கும் அதுதான் வேலை. செத்துக் கிடப்பதில் அவரை மிஞ்ச இந்த ஊரில் ஆள் இல்லை. மகள் பேச்சு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மகள் பேச்சுதான்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

*சூரியன் அட்லஸ் மலைக்குப் பின்னால் மெல்ல மெல்ல*

(வேண்டாம். அப்பா செத்துக் கிடந்த அந்தப் படமும் இப்படித்தான் தொடங்கியது. சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. "இது இறங்கி முடியறதுக்குள்ள என் அடுப்புல ரெண்டு தட்டு ரொட்டி வெந்துடும்" என்றாள் ரகியா அக்கா.)

*மனிதர்களுக்குச் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால்*

(இது கட்டுரை. ஆனாலும் இதில் ஒரு பத்தியை விட்டுவிட மனமில்லை, அதனால் இங்கேயே வைக்கிறாள்.)

மோசமான படம் வேறு, சலிக்கிற படம் வேறு. மோசமான படத்தைத் திட்டலாம். அதை நடித்துக் காட்டிச் சிரிக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகும் அது நம்மோடு கொஞ்ச நேரம் இருக்கும். சலிக்கிற படம் நம்மிடம் எதையுமே கேட்பதில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, எண்ணெய் தீர்ந்துவிட்டதே, நாளைக்கு வாங்க வேண்டுமே என்று தோன்றும். கதாநாயகன் செத்தாலும் சரி, பிழைத்தாலும் சரி. நம் கால் மரத்துப்போனது ஒன்றுதான் உண்மையாக இருக்கும். மோசமான படத்தை எடுத்தவனை எதிரில் பார்த்தால் சண்டை போடலாம். சலிக்கிற படத்தை எடுத்தவன் எதிரில் வந்தால் அடையாளமே தெரியாது.

*ஹம்மூ ஒரு கெட்ட மனிதர்.*

(நல்ல வாக்கியம். சுருக்கமாக இருக்கிறது. ஆனால் பொய்.)

3

ஹம்மூ எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அப்பாவோடு சேர்ந்து பல படங்களில் செத்தவர். பிறகு பிரெஞ்சில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு ஏஜெண்ட் ஆகிவிட்டார். படக்காரர்களுக்கு ஆள் பிடித்துத் தருவது அவர் வேலை. யார் குதிரையில், யார் நடந்து, யார் முன்வரிசையில், யார் தூசியில் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்தான். அவர் சரியென்று சொல்லும்வரை இந்த ஊரில் ஆண்கள் தாடியை வழிக்கமாட்டார்கள். எந்தக் காலத்துப் படம் வருமோ, எந்தத் தாடி கேட்பார்களோ, யாருக்குத் தெரியும்?

டீக்கடையில் நடந்தது இது. துதா அங்கே இல்லை. அப்பா வந்து சொன்னதை எழுதுகிறாள். அதனால் ஹம்மூ இதைவிட நன்றாகவே கிண்டலடித்திருக்கக்கூடும்.

"பஸ்ஸோ, அடுத்த வாரப் படத்துல உன்னைக் கழுதை பிடிக்கப் போட்டிருக்கேன்."

"கழுதையா? ஏய், நான் முன்வரிசையில சாகறவன்."

"வயசாச்சுப்பா உனக்கு. சாகறதுக்குத் தனியா படிப்பா வேணும்? படுத்தா சாவு. கழுதை பிடிக்கத்தான் மூளை வேணும்."

"போன வருஷம் எடுத்தாங்களே இளவரசன் படம், அதுல கேமரா என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுச்சு. அந்த மஞ்சமுடி டைரக்டர் மண்டி போட்டுக் குனிஞ்சு என்னையே பாத்தாரு."

"எல்லார் மூஞ்சிக்கு நேராவும்தான் நின்னுச்சாம். என் மாமியாரைக் கேளு, அவ மூஞ்சிக்கும் நின்னுச்சுங்கறா. அவ அன்னிக்கு ஊர்லயே இல்ல."

கடையே சிரித்தது. அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"படம் வரட்டும், ஹம்மூ. எல்லாரும் சேர்ந்து பாப்போம்."

"பாப்போம். உன் மூஞ்சி அதுல இருந்தா முன்வரிசை. இல்லைன்னா கழுதை. இந்தப் படத்துக்கு மட்டும் இல்ல, இனிமே எப்பவும் கழுதைதான்."

"சரி."

கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்ட 'சரி' அது. அதைத் திரும்ப வாங்க முடியாது.

[ஓரக்குறிப்பு: ஹம்மூவை எழுதுவது சிரமமாக இருக்கிறது. எழுத எழுத வில்லனாகிவிடுகிறார். துதாவுக்குக் காய்ச்சல் கண்டபோது மருத்துவமனைக்குத் தன் வண்டியில் கூட்டிப்போனவர் இவர்தான். வழி முழுக்க, "பொண்ணு அவ அப்பனைவிட நல்லா சாவறா, படத்துல போடலாம்" என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தார். இந்தக் கதைக்கு அது தேவையில்லை. ஆனாலும் இருக்கட்டும்.]

4

படம் டிவிடியாகச் சந்தைக்கு வந்துவிட்டது. அப்பா வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லார் வீட்டிலும் ரவைபோல் ஆவியில் வேகும் குஸ்குஸ் சாப்பிடும் நேரத்தில், எங்கள் வீட்டிலேயே பெரிய தட்டாகப் போட்டு அம்மா தெருவை அழைத்தாள். அம்மா பெயர் இட்டோ. அவள் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அன்றைக்கும் "வந்து என் புருஷனைப் பாருங்க" என்று சொல்லவில்லை. "குஸ்குஸ் நிறைய செஞ்சுட்டேன், வந்து காலி பண்ணுங்க" என்றுதான் சொன்னாள்.

வந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். சுவர் ஓரத்து மெத்தைகளில் சாய்ந்தார்கள். ரிமோட்டைத் துதாவிடம் கொடுத்தார்கள். அப்பா நடுவில், முதுகு நிமிர்ந்து, புது ஜெல்லாபா அங்கியில் உட்கார்ந்திருந்தார். படம் தொடங்கியது.

படத்தின் கதை: ஒரு இளவரசன் தன் மனச்சாட்சியைத் தேடிப் பாலைவனத்தில் நடக்கிறான்.

அவ்வளவுதான். இதற்குமேல் எழுத எழுதுகிறவள் பல முறை முயன்றாள். அவன் நடக்கிறான். நின்று மணலைப் பார்க்கிறான். மணலை அள்ளுகிறான். விரல் வழியாக விடுகிறான்.

"என்ன சொல்றான்?" என்றாள் ரகியா அக்கா. கீழே ஓடிய அரபு எழுத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"தண்ணி வேணாங்கறான்" என்றார் யாரோ.

"அப்போ எதுக்கு நடக்கறான்?"

கொஞ்ச நேரம் எல்லோரும் இடத்தை அடையாளம் கண்டுபிடித்து விளையாடினார்கள்.

"அந்த மேடு நம்ம பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி இருக்கறதுதானே?"

"அதேதான். மூணு நாளா நடக்கறான், இன்னும் பெட்ரோல் பங்கைத் தாண்டலை."

பெரிய சிரிப்பு. அந்தப் படம் எங்களுக்குக் கொடுத்த ஒரே சிரிப்பு, அதையும் நாங்களே போட்டுக்கொண்டோம். பிறகு அதுவும் அடங்கியது. வேர்க்கடலைத் தோல் உடைகிற சத்தம். ஒருவர் கொட்டாவி விட, அது அறையைச் சுற்றி வரிசையாக வந்தது. ஒரு பெண் குழந்தையின் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு பேர் ஆட்டு விலை பேசினார்கள். அப்பா மட்டும் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் காட்சி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. போருக்குப் பிறகு வரும், அவ்வளவுதான் தெரியும். இந்த இளவரசன் போர் வரைக்கும் நடந்து போவானா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ஹம்மூ தொடையைத் தட்டிக்கொண்டார்.

"சாப்பாடு பிரமாதம், இட்டோ. நான் கிளம்பறேன். உன் புருஷன் சாகும்போது சொல்லி அனுப்பு, வந்துடறேன்."

இன்னும் மூன்று நான்கு பேர் அவரோடு எழுந்திருக்கப் பார்த்தார்கள். அப்பா திரும்பவில்லை. ஆனால் துதா அவர் காதைப் பார்த்தாள். சிவந்திருந்தது.

அவர் முகம் அந்தப் படத்தில் இல்லாமல் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். முகம் இருந்தும், அது வரும்போது பார்க்க ஒருத்தரும் இல்லாமல் போவது வேறு.

அப்போதுதான் அம்மா சின்னக் கேஸ் அடுப்பையும் டீத்தட்டையும் தூக்கிக்கொண்டு வந்து அறை நடுவில் உட்கார்ந்தாள்.

5

எங்கள் பக்கத்தில் டீ மூன்று கோப்பை. முதல் கோப்பையைக் குடித்துவிட்டு எழுந்தால் வீட்டுக்காரியை அவமதித்ததாகும். இரண்டாவதோடு எழுந்தால் வீட்டுக்காரனையும் சேர்த்து. மூன்றாவது கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் கிளம்பலாம். ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதுதான்.

ஹம்மூ தட்டைப் பார்த்தார். பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

அம்மா கெண்டியைக் கழுவினாள். கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினாள். கூம்புச் சர்க்கரையைச் சின்னச் சுத்தியலால் உடைத்தாள். பெரிதாக உடைந்த துண்டை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை உடைத்தாள். புதினாவை ஒவ்வொரு தழையாக ஆய்ந்தாள். ஒரு கோப்பையில் ஊற்றி, முகர்ந்து, திரும்பக் கெண்டியிலேயே கொட்டினாள். திரையில் இளவரசன் மணலை விரல் வழியாக விட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் போட்டி போடுவதுபோல் இருந்தது. அம்மா ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

முதல் கோப்பை வந்தது. போர் வரவில்லை.

"இட்டோ, அடுத்தது எப்போ ஊறும்?" என்றார் ஹம்மூ.

"நல்ல டீக்கு நேரம் ஆகும், அண்ணே."

"இந்தப் படத்தை எடுத்தவனும் இதையேதான் சொல்லியிருப்பான்."

"அவன் புதினா போட மறந்துட்டான்" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

(வாசகரே, இந்த இடத்தில் எழுதுகிறவளுக்கு ஒரு கவலை. பஸ்ஸோவின் முகம் இன்னும் வரவில்லை. நீங்கள் சலித்துக்கொண்டிருக்கலாம். உங்களை உட்கார வைக்க அவளிடம் கெண்டி இல்லை, கோப்பை இல்லை. நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்தால் யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் அப்பாவைப் பார்க்காமல் போய்விடுவீர்கள். அது உங்களுக்கு நஷ்டம். இதை எழுத அவளுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அடிக்கப்போவதில்லை.)

இரண்டாவது கோப்பையும் வந்தது. போர் திரைக்கு வெளியே எங்கோ நடந்தது. சத்தம் மட்டும் கேட்டது. இளவரசன் காதைப் பொத்திக்கொண்டு ஒரு பாறையைப் பார்த்தான். பாறையை நிறைய நேரம் பார்த்தான்.

அறையில் அப்பாவைத் தவிர எல்லோருடைய கண்ணும் இப்போது திரையில் இல்லை, கெண்டியில் இருந்தது. மூன்றாவது கோப்பைக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும். அம்மா குனிந்து அடுப்பின் குமிழைத் திருப்பினாள். நெருப்பைக் கூட்டுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுவரோரத்திலிருந்து துதா பார்த்தாள். அம்மா அதை அணைத்துவிட்டாள்.

அணைந்த அடுப்பின் மேல் கெண்டியை வைத்துவிட்டு, அது கொதிக்கக் காத்திருப்பவள்போல் கைகட்டி உட்கார்ந்தாள்.

6

அப்போது வந்தது.

போர் முடிந்த நிலம். புகை. கேமரா தரையோடு தரையாக நகர்ந்து வருகிறது. கவிழ்ந்த கேடயம், செத்த குதிரை, ஒரு கை. பிறகு ஒரு முகத்துக்கு வந்து நின்றது.

அப்பா.

எங்கள் டிவியில் அப்பா முழுக்க இருந்தார். தாடியில் மண். திறந்த கண்கள். அவை எதையும் பார்க்கவில்லை.

ஒரு ஈ வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது. அது நடந்தது. கன்னத்துக்கு வந்தது. கன்னத்திலிருந்து கண்ணோரத்துக்கு ஏறி, இமை முடியில் காலை வைத்தது.

அப்பா இமைக்கவில்லை.

வேர்க்கடலை உடைகிற சத்தம் நின்றது. ஆட்டு விலை நின்றது. பேன் பார்த்த பெண்ணின் விரல் குழந்தையின் முடியிலேயே இருந்தது. அந்த நீளமான படத்தில் உயிரோடு இருந்தது அந்தச் செத்த மனிதர் ஒருவர்தான். ஈ கண்ணின் வெள்ளையை எட்டிப் பார்த்தது. "யா லத்தீஃப், ஆண்டவனே" என்று முனகிய ரகியா அக்கா, கையை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா என்று.

ஈ பறந்தது. முகம் போனது. இளவரசன் வந்தான், பெருமூச்சு விட்டான். அறை கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது.

"பஸ்ஸோ! டேய் பஸ்ஸோ!"

"நிஜமாவே போயிட்டான்னு நெனச்சேன்பா!"

"ஏ துதா, திரும்பப் போடு! இன்னொரு தடவை போடு!"

(இங்கே கதையை முடித்துவிடலாம். எழுதுகிறவள் ஒரு முறை முடித்தும் பார்த்தாள். நல்ல முடிவுதான். ஆனால் துதா இன்னொன்றையும் பார்த்தாள்.)

எல்லோரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, அந்த முகத்துக்குப் பின்னால், வலது மூலையில், சிவப்புப் போர்வை போர்த்திய ஒரு பிணம் தலையைத் தூக்கியது. தலையைத் தூக்கி, இடது பக்கம் எதையோ எட்டிப் பார்த்தது. தாடியைச் சொறிந்தது. திரும்பப் படுத்துச் செத்தது.

ஹம்மூ. சந்தேகமே இல்லை, ஹம்மூ. அன்றைக்கு ஆள் போதாமல் ஏஜெண்ட்டும் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. படத்தை வெட்டி ஒட்டியவன் அந்த இடத்துக்கு வருவதற்குள் தூங்கிப்போயிருக்க வேண்டும். உலகம் முழுக்கப் பார்த்தவர்களும் அப்படியே.

"போடு துதா! போடும்மா!"

ரிமோட் அவள் கையில். மறுபடி போட்டால் அத்தனை பேரும் மூலையைப் பார்ப்பார்கள். இந்த ஊரில் பிணம் அசைவதைப் போல அசிங்கம் வேறு இல்லை. கல்யாண வீட்டில்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள்.

துதா ஹம்மூவைப் பார்த்தாள். அவர் அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

[வரிசை தப்பி ஒரு பகுதி. இது மறுநாள் காலையில் நடந்தது. ஆனால் இங்கே வைத்தால்தான் அடுத்தது புரியும்.]

"அப்பா, அந்த மூலையில..."

"ம்."

"நீங்களும் பாத்தீங்களா?"

"பாக்கறதா? பக்கத்துலயேதானே படுத்திருந்தேன். அவன் எந்திரிச்சப்போ மண்ணெல்லாம் என் காதுக்குள்ள போச்சு. சாப்பாட்டு வண்டி வந்துடுச்சான்னு பாத்தான்."

"அப்போ அன்னிக்கே தெரியுமா? டீக்கடையில அவ்வளவு பேசினாரே, அப்பவாவது ஏன் சொல்லலை?"

அப்பா காலணியைத் தட்டி மண்ணை உதிர்த்தார்.

"செத்தவன் எப்படிம்மா சொல்லுவான்?"

8

"போடும்மா!"

துதாவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அப்பா திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"வேணாம். ஒருத்தனை ஒரு படத்துல ஒரு தடவைதான் சாகடிக்கணும். அதுக்கு மேல போட்டா மரியாதையா இருக்காது."

"உன் சாவுக்கு நீயே மரியாதை பண்ணிக்கறியா?" என்றார் ஆட்டு விலை பேசியவர். எல்லோரும் சிரித்தார்கள். துதா ரிமோட்டைக் கீழே வைத்தாள். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் இந்த முறை சீக்கிரமே கொதித்துவிட்டது. கெண்டியை உயரத் தூக்கி மூன்றாவது கோப்பையை ஊற்றினாள். மேலே நுரை கட்டி நின்றது. அந்தச் சுற்றில் முதலாவது ஹம்மூவுக்குப் போனது.

இப்போது முடிவு.

ஒரு முடிவில் ஹம்மூ, "அடுத்த வாரம் முன்வரிசை, பஸ்ஸோ. விடியறதுக்குள்ள வந்துடு" என்கிறார். இதை எழுதியபோது எழுதுகிறவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. படித்தபோது சர்க்கரை அதிகமாக இருந்தது.

இன்னொன்றில், "மூஞ்சி இருந்துச்சு, சரி. ஆனா ஈக்கும் சேத்து யாரு காசு குடுப்பா? கழுதைதான்" என்கிறார். ஹம்மூ சொல்லக்கூடிய பேச்சுதான். நகைச்சுவையும் சரியாக இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் தன் முகம் இருந்த நிலையில் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்றாவதாக ஒன்று, *அவர் கண்களில் நீர்* (அடித்தாயிற்று. இளவரசனுக்கே வரவில்லை.)

முன்வரிசையா கழுதையா என்பதை எழுதுகிறவள் சொல்லப்போவதில்லை. அவளுக்குத் தெரியும், இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் இது ஹம்மூவின் கதையாகிவிடும், அவர் என்ன கொடுத்தார், என்ன கொடுக்கவில்லை என்ற கதையாகிவிடும். இது அப்பாவின் கதை. அப்பாவுக்கு வேண்டியது அன்றைக்கே அந்த அறையில் கிடைத்துவிட்டது, ஒரு ஈ கன்னத்திலிருந்து கண்ணுக்கு நடந்த நேரத்தில். ஹம்மூவின் வாயில் ஒரு வசனம் வைத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் கொஞ்சம் கிண்டலாக வையுங்கள், அவருக்குப் பொருந்தும்.

நடந்தது இவ்வளவுதான். இளவரசன் இன்னும் நடந்துகொண்டிருந்தான், யாரும் பார்க்கவில்லை. ஆளாளுக்கு அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு யார் இமைக்காமல் இருக்கிறார்கள் என்று போட்டி போட்டார்கள். ரகியா அக்கா முதலில் தோற்றாள். ஹம்மூ மூன்றாவது கோப்பையை அடிவரை குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார். எழுந்து, வாசலில் குவிந்திருந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு ஹம்மூ வெளியே போனார்.